ஐகொன்: கீறத் தெரியாதவர்கள் கீறிய படமா?

கிரேக்கம், ரஷ்யா, எகிப்து போன்ற இடங்களின் கிழக்குத் திருச்சபைகளில் செபத்துக்கு வைக்கும் ஐகொன் என்ற படத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர்களிடையே பேச்செடுத்தால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். 'அது ரஷ்யாக்காரரின் பழைய படம்' என்பார் ஒருவர். 'அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கீறத் தெரியாது, அதுதான் மூக்கு நீளம், கண் பெரிசு' என்பார் இன்னொருவர். மூன்றாமவர், அநேகமாக அமெரிக்க மிஷன் என்ற புரட்டஸ்தாந்துச் சபையின் பரம்பரையில் வந்தவர், 'எந்தப் பெயரில் சொன்னாலும் அது விக்கிரகம்தானே' என்று கதையை முடித்துவிடுவார். முதலிரண்டையும் தள்ளிவிடலாம். மூன்றாவதைத் தள்ள முடியாது. அதற்குள் இருக்கும் கேள்விக்காக ஒரு பேரரசே நூறு வருடத்துக்கு மேல் இரண்டுபட்டுக் கிடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஐகொனைக் கண்ணால் கண்டதில்லை என்று சொல்பவரின் வீட்டிலேயே ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். அதுதான் சதா சகாய மாதா படம்.

சுவரில் இருக்கும் ஐகொன்

அந்தப் படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மாதா தன் கையிலிருக்கும் பிள்ளையைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறார். பிள்ளையும் தாயைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மேலே வலப்பக்கம் நிற்கும் சம்மனசை, அதாவது வானதூதரைப் பார்க்கிறது. அந்தச் சம்மனசு கபிரியேல். கையில் சிலுவையும் ஆணிகளும். இடப்பக்கம் மிக்கேல், அவர் கையில் ஈட்டியும் கடற்பஞ்சு செருகிய கோலும். பிள்ளை இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. ஒரு காலில் செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. தான் பின்னாளில் படப்போகும் பாடுகளின் கருவிகளைக் கண்ட பிள்ளை பயந்து ஓடிவந்து தாயிடம் ஏறிக்கொண்டது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பின்னால் வீடில்லை, வானமில்லை, வெறும் தங்கம். அதன் மேல் கிரேக்க எழுத்துகள் சில. அவை அலங்காரம் இல்லை. இறைவனின் தாய், இயேசு கிறிஸ்து, இரண்டு சம்மனசுகள் ஆகியோரின் பெயர்ச் சுருக்கங்கள்.

மூலப்படம் கிரேத்தா தீவின் ஓவிய மரபைச் சேர்ந்தது. இன்று ரோம் நகரில் புனித அல்போன்சு கோயிலில் இருக்கிறது. 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் போன இடமெல்லாம் பிரதிகளும் போயின. அப்படித்தான் கிழக்குத் திருச்சபையின் ஐகொன் ஒன்று மேற்கின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. வந்தது ஐகொன் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பக்கத்தில் தொங்கும் திரு இருதய ஆண்டவர் படத்தைப் பாருங்கள். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல். தலைமயிர் மென்மையாக அலைகிறது, கண்ணில் உருக்கம். இது மேற்கத்தியப் பக்திப் படம். பார்ப்பவர் மனதில் ஓர் உணர்ச்சியை எழுப்புவது இதன் வேலை. ஐகொன் வேறு. கிறிஸ்துவையோ ஒரு புனிதரையோ, திருச்சபையின் மரபு வகுத்த ஒழுங்கில், பெயர் எழுதி, எதிரே நின்று செபிப்பதற்காகத் தீட்டும் படமே ஐகொன். போர்த்துக்கேயர் வழியாக வந்த நம்முடைய கத்தோலிக்கம் சுருவங்களின், அதாவது சிலைகளின் கத்தோலிக்கம். கூட்டில் வைத்துச் சுற்றிவரும் அந்தோனியாருக்கும் யாகப்பருக்கும் பழகிய கண் நமக்கு. கிழக்குத் திருச்சபைகளோ முழுவடிவச் சுருவத்தைப் பெரும்பாலும் தவிர்த்துத் தட்டையான பலகையிலேயே நின்றுவிட்டன.

'உருவம் செய்யாதே' என்று கட்டளை இருக்கிறதே?

இருக்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் தெளிவாகவே இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசின், அதாவது பைசாந்தியத்தின், பேரரசர் மூன்றாம் லியோ இந்தப் பக்கம் சாய்ந்தார். படங்கள் இறக்கப்பட்டன, உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. இடையில் ஒரு ஓய்வோடு அந்தச் சண்டை 843 வரை நீண்டது.

படங்களுக்காக வலுவாக எழுதியவர் தமஸ்கு நகரத்து யோவான். அவர் வாழ்ந்தது இசுலாமியக் கலீபாக்களின் ஆட்சிப் பகுதியில். கிறிஸ்தவப் பேரரசரின் கை அங்கே எட்டாது. கிறிஸ்தவப் படத்தைக் காப்பாற்றும் வாதம் இசுலாமிய மண்ணிலிருந்து வந்தது என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

அவருடைய வாதத்தை இப்படிச் சுருக்கலாம். பழைய ஏற்பாடு உருவத்தைத் தடுத்ததற்குக் காரணத்தையும் அதுவே சொல்கிறது: ஓரேபு மலையில் நீங்கள் எந்த உருவத்தையும் காணவில்லை. காணாததைக் கீறினால் அது கற்பனை, கற்பனையைக் கும்பிட்டால் அது விக்கிரகம். சரி. ஆனால் யோவான் நற்செய்தி 'வாக்கு மனிதர் ஆனார்' என்கிறது. கடவுள் மனித உடலும் முகமும் எடுத்து வந்தார் என்ற இந்த நம்பிக்கையை இறையியலில் மனிதவதாரம் என்பார்கள். வந்தவரை மனிதர்கள் கண்டார்கள், தொட்டார்கள், அவரோடு மீன் சாப்பிட்டார்கள். காணப்பட்டவரைக் கீறலாம். இன்னும் ஒரு படி மேலே போனால், அவரைக் கீறவே கூடாது என்று அடித்துச் சொல்கிறவர், அவர் உண்மையில் மனிதராக வந்தாரா என்பதிலேயே சந்தேகப்படுகிறார் என்றாகிவிடும்.

ஐகொனின் முழு இறையியலும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. 'படிக்கத் தெரியாதவர்களுக்கான வேதாகமம்', 'கோயிலுக்கு அழகு' என்பதெல்லாம் பிறகு வருபவை.

இதிலிருந்து நம்மைச் சற்றுச் சங்கடப்படுத்தும் ஒரு முடிவும் வருகிறது. பிதாவை யாரும் கண்டதில்லை. ஆகவே கண்டிப்பான ஐகொன் மரபில் பிதாவைக் கீறுவதில்லை. நம்முடைய படங்களில் மேகத்தின் மேல் வெள்ளைத்தாடியோடு வீற்றிருக்கும் தாத்தாவுக்கு அங்கே இடமில்லை. மொஸ்கோவில் 1666-67இல் கூடிய திருச்சபைச் சங்கம் அதைத் தடையே செய்தது. அப்படியானால் திரித்துவத்தை எப்படிக் காட்டுவது? 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் துறவி அந்திரேய் ருப்லியோவ் ஒரு வழியைக் காட்டினார். மம்ரேயில் ஆபிரகாமிடம் வந்த மூன்று விருந்தினரை, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த மூன்று தூதராகத் தீட்டினார். மூவர் முகமும் ஏறக்குறைய ஒன்று. யாரும் கிழவரில்லை.

உருவ உடைப்பு நமக்கு அந்நியமான கதையுமில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கோயிலில் உருவங்களை ஏற்காத கல்வினியப் புரட்டஸ்தாந்து மரபினர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். மாந்தையிலிருந்த மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒளித்த குடும்பங்களின் கதையில்தான் மடுத் திருத்தலமே தொடங்குகிறது. அமெரிக்க மிஷன் கோயில்களின் வெறும் சுவருக்கும் கத்தோலிக்கக் கோயில்களின் பீடத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பழைய அந்தக் கேள்வியின் இரண்டு பதில்கள்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். கடவுளுக்கு முகம் கிடைத்தது என்ற நம்பிக்கையே ஐகொனின் காரணம். அந்த முகத்தைக் கீறலாம். முகம் காட்டாதவரைக் கீறக்கூடாது.

கும்பிடுவது பலகையையா?

காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தைத் தடவுவார், முத்தமிடுவார், அதோடு பேசவும் செய்வார். கடதாசியோடு பேசுகிறார் என்று யாரும் சொல்வதில்லை. படம் மகனில்லை என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தப் படத்தை யாராவது மிதித்தால் மிதிபட்டது மகன்தான். படத்துக்குப் போகும் எதுவும் படத்தில் தங்குவதில்லை.

4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் இதையே ஒரு கோட்பாடாகச் சொன்னார்: உருவத்துக்குச் செய்யும் மரியாதை அந்த உருவத்துக்கு உரியவரைச் சேர்கிறது. 787இல் நிசேயாவில் இரண்டாம் முறை கூடிய திருச்சபைச் சங்கம் இதையே எடுத்துக்கொண்டு இரண்டு செயல்களைப் பிரித்தது. ஆராதனை என்பது கடவுளுக்கு மட்டும் உரிய முழுச் சரணாகதி. வணக்கம் என்பது முத்தமிடுவது, விளக்கேற்றுவது, தூபம் காட்டுவது, தலைகுனிவது. ஐகொனுக்கு வணக்கம் உண்டு, ஆராதனை இல்லை.

சைவ அயலவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வியும் இங்கே வரவேண்டும். ஆகமக் கோயிலில் மூர்த்தியைப் பிரதிட்டை செய்து, கும்பாபிஷேகம் செய்து, இறைவனை அதில் எழுந்தருளச் செய்கிறார்கள். ஐகொனுக்கும் அப்படியா? இல்லை. படத்திலிருப்பவரின் சாரம் மரத்துக்குள் இறங்குவதாக நிசேயா சொல்லவில்லை. படத்துக்கும் ஆளுக்கும் பொதுவாயிருப்பது முகச்சாயலும் பெயரும். அதனால்தான் பெயர் எழுதாமல் ஐகொன் முடிவதில்லை. இன்று ஐகொன்களை மந்திரிப்பது, அதாவது செபித்து ஆசீர்வதிப்பது, பரவலான வழக்கம் என்றாலும், தனியாக மந்திரிக்காவிட்டாலும் அதிலுள்ள பெயராலேயே அது புனிதம் என்பதே அந்தச் சங்கத்தின் பழைய வாதம்.

அச்சடித்த படம் ஐகொன் ஆகுமா என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. சாயலும் பெயரும் இருந்தால் வணக்கம் போய்ச்சேரும். கையால் தீட்டியதே வேண்டும் என்று ஓவியர்கள் வற்புறுத்துவதற்கு வேறு காரணம் உண்டு. அது மரம், முட்டை, மண் சம்பந்தப்பட்டது.

முட்டையும் வெண்கட்டியும் தங்கமும்

நன்றாகக் காய்ந்த பலகை ஒன்று. அதன் மேல் மெல்லிய துணியை வச்சிரப்பசையால் ஒட்டுவார்கள். வெண்கட்டித் தூளைப் பசையில் குழைத்து மெல்லிய பூச்சாகத் திரும்பத் திரும்பப் பூசி, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்துத் தந்தம்போல வழுவழுப்பாக்குவார்கள். பிறகு கோடு. தங்கத்தாளை ஒட்டுவது நிறம் தீட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். நிறம் என்பது அரைத்த மண்ணும் கல்லும். அதைக் குழைப்பது முட்டையின் மஞ்சள் கருவில். மரம், மிருகம், கல், மண் எல்லாம் ஒரே பலகையில் வந்து சேர்கின்றன. கடவுள் சடப்பொருளை எடுத்து உடலாக்கினார் என்றால் சடப்பொருளை ஏன் இழிவாக நினைக்கவேண்டும் என்பதும் தமஸ்கு யோவானின் கேள்விதான். ஓவியர் அதைக் கையால் செய்துகாட்டுகிறார்.

முகத்தைத் தீட்டும் முறையில்தான் விஷயமே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் வெள்ளைத்தாளில் தொடங்கி நிழலைச் சேர்த்துப் பழகியவர்கள். ஐகொன் ஓவியர் தலைகீழாகப் போவார். முகம் முழுவதையும் முதலில் பச்சை கலந்த மண்ணிறத்தில் இருட்டாக நிரப்புவார். அதன்மேல் சற்று வெளிறிய நிறம், நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு ஆகிய இடங்களில் மட்டும். அதற்கு மேல் இன்னும் வெளிறியது, இன்னும் சிறிய இடத்தில். கடைசியில் கண்ணோரத்திலும் கன்னத்து மேட்டிலும் மயிரிழை போன்ற சில வெள்ளைக் கோடுகள். இருட்டிலிருந்து முகம் மெல்ல எழுந்து வருகிறது.

இதனால் நிழல் விழ வழியில்லை. நிழல் விழவேண்டுமானால் வெளியே ஒரு விளக்கோ சன்னலோ வேண்டும். இங்கே வெளிச்சம் ஆளுக்குள்ளிருந்து வருவதாகக் காட்டப்படுகிறது. தாபோர் மலையில் இயேசுவின் முகம் கதிரவனைப்போல ஒளிர்ந்தது என்கிறதே நற்செய்தி, அந்த ஒளி. கிழக்குத் திருச்சபையினர் இதை இறைமயமாதல் என்ற கருத்தோடு இணைப்பார்கள்: மனிதர் மனிதராகவே இருந்துகொண்டு கடவுளின் வாழ்வில் பங்குபெறுவது. இரும்புபோலக் காய்ந்த துறவியின் முகத்திலும் அதே ஒளி இருப்பதன் காரணம் இதுதான். நீண்ட மூக்கு, சிறிய வாய், பெரிய கண் எல்லாம் இதன் தொடர்ச்சி. சாப்பிடும், சண்டையிடும் வாய் ஒடுங்கியிருக்கிறது. பார்க்கும் கண் விரிந்திருக்கிறது.

கீறத் தெரியாமல் இப்படிச் செய்தார்கள் என்று இன்னும் நினைப்பவர்கள் சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்திலுள்ள 6ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்துவைத் தேடிப் பார்க்கலாம். சூடாக்கிய தேன்மெழுகில் நிறம் கலந்து தீட்டியது. முகத்தின் ஒரு பாதியைக் கையால் மறைத்தால் அமைதியான ஒருவர். மறு பாதியை மறைத்தால் கண்டிப்பான ஒருவர். உயிருள்ள ஒரு மனிதரை அப்படியே தீட்டத் தெரிந்த கை அது.

தூரக்கணக்கும் புரண்டு நிற்கும். வழக்கமான ஓவியத்தில் தள்ளிப் போகப்போகக் கோடுகள் ஒடுங்கி, உள்ளே ஒரு புள்ளியில் சேரும். ருப்லியோவின் படத்தில் தூதரின் காலடிப் பலகைகளைப் பாருங்கள்: நம் பக்கம் ஒடுங்கி, உள்ளே போக விரிகின்றன. கோடுகள் சேரும் புள்ளி நாம் நிற்கும் இடம். இதைத் தலைகீழ்த் தூரநோக்கு என்பார்கள். மேசையின் நம் பக்கமும் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. நாம் படத்தைப் பார்ப்பதைவிடப் படம் நம்மைப் பார்க்கிறது என்று சொல்லலாம்.

நிழலின்மை, தங்கம், புரண்ட தூரம், பெயரெழுத்து என்று ஐகொனில் விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொன்றும் மனிதவதாரத்தில் போய் முடிகிறது. பாணி என்று தனியாக ஒன்றைக் கழற்றி எடுக்க முடியாது. தங்கப் பின்னணியில் யாரையாவது தட்டையாகக் கீறிவிட்டு ஐகொன் என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான்.

இன்றைய ஐகொன் எங்கிருந்து வந்தது?

பழைய ஐகொன்களுக்கு மேல்பூச்சாக ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள். அது காலப்போக்கில் கறுத்துவிடும். மெழுகுதிரிப் புகை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கறுத்த படத்தின்மேல் இன்னொருவர் புதிதாகத் தீட்டுவார். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ரஷ்யாவிலும் கிரேக்கத்திலும் கோயில்களுக்குள் மேற்கத்தியப் பாணி புகுந்துவிட, பழைய முறை ஓரங்கட்டப்பட்டது. 1904இல் ருப்லியோவின் திரித்துவத்தைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். கறுப்புக்கு அடியிலிருந்து பளிச்சென்ற நீலம் வந்தது. ஐகொன் என்றால் மங்கலானது என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

அந்த மரபை மீண்டும் கையிலெடுத்தவர்கள் பலர் ஊரை இழந்தவர்கள். புரட்சிக்குப் பிறகு பாரிஸில் குடியேறிய ரஷ்யர்களான லியோனித் உஸ்பென்ஸ்கி, துறவி கிரிகோரி குருக். 1922இல் சின்னாசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, கிரேக்கர் துரத்தப்பட்டபோது அகதியான போட்டிஸ் கொண்டோக்லு. எகிப்தில் ஐசாக் ஃபனூஸ், உஸ்பென்ஸ்கியிடம் படித்துவிட்டுத் திரும்பி, உருண்டை முகமும் அகன்ற கண்ணும் நேர்கோடுகளும் கொண்ட கொப்திக் எனப்படும் எகிப்தியத் திருச்சபைக்கான புதிய பாணியை உருவாக்கினார். கத்தோலிக்கத் தரப்பில், நிசேயாவின் 1200ஆம் ஆண்டையொட்டி 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய திருமடல் இந்த மரபை மேற்கும் மீண்டும் கண்டெடுக்க வேண்டும் என்ற திசையில் பேசியது.

மரபொழுங்கு என்றால் பழையதைப் பிரதியெடுப்பது என்று நினைப்பவர்கள் 2015 பெப்ரவரியை நினைத்துப் பார்க்கலாம். லிபியக் கடற்கரையில் 21 பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். 20 பேர் எகிப்தியக் கொப்திக் தொழிலாளர், ஒருவர் கானா நாட்டவர். கொப்திக் திருச்சபை விரைவிலேயே அவர்களைப் புனிதராக அறிவித்தது, ஐகொன்களும் வந்துவிட்டன. கொலைகாரர் அணிவித்த செம்மஞ்சள் உடை அந்த ஐகொன்களில் மறைசாட்சிகளின் அங்கியாகிவிட்டது. 2023இல் கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்களைத் தன் மறைசாட்சிகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

உக்ரைனில் ஒலெக்சாந்தர் கிளிமென்கோ, சோனியா அத்லாந்தோவா தம்பதியர் போர்முனையிலிருந்து வந்த வெற்று வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையில் ஐகொன் தீட்டுகிறார்கள். பெட்டிப் பலகையும் ஐகொன் பலகையும் உருவத்தில் ஒத்திருப்பதைக் கண்டதிலிருந்து வந்த யோசனை. விற்ற காசு நடமாடும் மருத்துவமனைக்குப் போனது. மாதாவின் முகத்துக்கு அடியில் அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைப்பதில்லை. இந்த வேலையை நம்மூர்க்காரருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒன்றைத் தீட்டினால்

இலங்கை முகங்களோடு கிறிஸ்தவ ஓவியம் ஏற்கெனவே உண்டு. கண்டி திரித்துவக் கல்லூரி சிற்றாலயத்தில் டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் மனிதரும் நிலமும் இந்த நாட்டுக்குரியவை. மிக நல்ல ஓவியங்கள். ஆனால் அவை கதையைச் சொல்கின்றன. எதிரே நின்று நம்மைப் பார்ப்பது அவற்றின் வேலையில்லை.

தமிழ் ஐகொன் என்றால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? எழுத்தை மாற்றலாம். கிரேக்கம், சிலாவியம், அரபு என்று ஒவ்வொரு சபையும் தன் எழுத்தில் பெயரை எழுதுகிறது. தமிழில் எழுதவும் தடையில்லை. கிறிஸ்துவின் முகத்தை மாற்றுவது கடினம். அவர் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட தாயிடம் பிறந்த யூதர் என்பதில்தான் படமே நிற்கிறது. அவரை வேட்டி கட்டிய யாழ்ப்பாணத்தவராக்கினால் உணர்ச்சி கிடைக்கும், வாதம் போய்விடும். இதில் மாற்றுக்கருத்துள்ள இறையியலாளர்கள் இருக்கிறார்கள். என் சாய்வு இந்தப் பக்கம்.

நம்மூர்ப் புனிதர்களிடம் வரும்போது கதை வேறு. கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் ஒல்லாந்தரின் தடைக்கு நடுவில் 1687இல் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் தங்கி, இரவில் பூசை வைத்தவர். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டார், ஆகவே ஒளிவட்டம் போடலாம். உடைதான் கேள்வி. வழக்கமான படங்களில் வருவதுபோல கறுப்பு அங்கியா, அல்லது பிடிபடாமலிருக்க அவர் பூண்ட பிச்சைக்காரர் வேடமா? ஐகொனில் உடை அடையாளத்துக்காக. லிபியாவின் செம்மஞ்சள் உடையை யோசித்தால் கந்தலைத்தான் நான் தெரிவு செய்வேன். அந்தக் கந்தலின் மடிப்புகளிலும், முகத்தில் கடைசியாகத் தீட்டும் அந்த வெள்ளைக் கோடுகள் வரவேண்டும். பின்னால் சில்லாலைப் பனை ஒன்று நிற்கலாம், தன் நிழலை விட்டுவிட்டு வந்தால். பெயர் தமிழில். மாட்டும்போது பீடத்துக்கு மேலே எட்டாத உயரத்தில் வேண்டாம். ஆள் நின்றால் கண்ணுக்குக் கண் சந்திக்கும் உயரத்தில், முத்தமிட எட்டும் இடத்தில் இருக்கட்டும்.